மாதத் தவணையில் மனை: பத்திரம் எப்போது, யார் பேரில்?

கேள்வி: திருச்சிக்கு வெளியே 1,200 சதுர அடி மனை பார்த்திருக்கிறோம். விலை 20 லட்சம். என் கணவர் கட்டில், பீரோ செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். வருமான வரிக் கணக்கு ஒழுங்காகத் தாக்கல் செய்யாததால் வங்கியில் கடன் கிடைக்கவில்லை. கையில் 10 லட்சம் இருக்கிறது. மனைக்காரர், “8 லட்சம் ரொக்கமாகக் கொடுங்கள். மீதி 12 லட்சத்தை மூன்று வருடத்தில் மாதாமாதம் எனக்கே கட்டுங்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. கடைசித் தவணை முடிந்ததும் பத்திரம்” என்கிறார். அதுவரை பதிவு செய்யாத ஒப்பந்தம்தானாம். இரண்டு தவணை தவறினால் கொடுத்த பணம் திரும்பாது என்றும் சொல்கிறார். வட்டியைக் குறைக்கச் சொல்லிப் பேசலாமா?

பதில்: பேசலாம், ஆனால் அதை இரண்டாவதாகப் பேசுங்கள். முதலில் பேச வேண்டியது, இந்த மூன்று வருடமும் மனை யார் பேரில் இருக்கும் என்பது.

1882-ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டம் 54-ஆம் பிரிவின்படி, விற்பனை ஒப்பந்தம் மட்டும் உங்களுக்கு மனையில் எந்த உரிமையும் தராது. என் அத்தை ஈரோடு பக்கம் இப்படித்தான் ஒரு மனை வாங்கினார். கட்டிய தவணையெல்லாம் ஒரு நோட்டில் வரவு வைத்திருந்தார். இரண்டாம் வருடம் மனைக்காரர் இறந்துபோனார். மூன்று பிள்ளைகளில் ஒருவர், “அந்த நோட்டில் இருப்பது அப்பா கையெழுத்தே இல்லை” என்றார். அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அத்தை திண்ணையில் உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உங்களுக்கு அது நேரக் கூடாது.

அதனால் அவரிடம் இப்படிக் கேளுங்கள்: “ஐயா, பத்திரத்தை இப்போதே எங்கள் பேரில் எழுதிக் கொடுங்கள். 12 லட்சம் பாக்கி என்பதையும் தவணை விவரத்தையும் அந்தப் பத்திரத்திலேயே எழுதிவிடலாம்.” அவர் தயங்குவது இயல்பு. அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவை எடுத்துச் சொல்லுங்கள். முழு விலையும் வருமுன் கிரயம் செய்து கொடுத்தவருக்கு, வராத பணத்துக்கும் வட்டிக்கும் அந்த மனையின் மீதே பொறுப்புரிமை, அதாவது அந்த மனையிலிருந்தே வசூலித்துக்கொள்ளும் உரிமை, உண்டு. அது போதாது என்றால் மனையை அவருக்கே அடமானம் எழுதிப் பதிவு செய்து கொடுக்கலாம்; அதற்குத் தனிச் செலவு ஆகும். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலை) 20 லட்சத்துக்கு மேல் போகாவிட்டால் 1,80,000 ரூபாய். உங்கள் கையில் மிஞ்சும் 2 லட்சத்துக்குள் அடங்கும்.

பத்திர எழுத்தர் வழக்கமாகப் போடும் ஒரு வரியை மட்டும் கவனியுங்கள். “கிரயத் தொகை முழுவதையும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்” என்று அச்சு மாதிரியிலேயே இருக்கும். வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். அவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

ரொக்கம் வேண்டவே வேண்டாம். மனை விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும், அதுவும் வாங்கியவர் தலையில். 8 லட்சத்துக்கு வங்கி வரைவோலை கொடுங்கள், மாதத் தவணையை வங்கிக் கணக்கு வழியாகவே அனுப்புங்கள்.

இனி வட்டி. ஒரு ரூபாய் வட்டி என்பது வருடத்துக்கு 12 சதவீதம். கைமாற்று வட்டியோடு பார்த்தால் அதிகமில்லை. எதற்கு வட்டி என்பதைத்தான் கேட்க வேண்டும். கடைசிவரை முழு 12 லட்சத்துக்கும் போட்டால் மாதம் 12,000 வீதம் 36 மாதத்தில் 4,32,000 ரூபாய். அசலை மாதம் 33,333 வீதம் அடைத்து, மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டால் 2,22,000 ரூபாய்தான். சதவீதத்தைத் தொடாமலே 2,10,000 ரூபாய் மிச்சம். கால் ரூபாய் குறைக்கச் சொல்லி மன்றாடுவதைவிட இது பெரிது. நடுவில் சீட்டு எடுத்து மொத்தமாகக் கட்டினால் அந்தத் தொகைக்கு வட்டி அன்றோடு நிற்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. பட்டறையில் கட்டில், பீரோ ஆர்டரும் குறையும். அந்த மாதங்களில் வட்டி மட்டும் கட்டி, அசலைத் தையிலும் ஆவணியிலும் சேர்த்துக் கட்டுகிறோம் என்று இப்போதே சொல்லுங்கள். தவணை தவறிய பிறகு கேட்டால் அவர் முகம் மாறும். தவறினாலும் எழுத்தில் அறிவிப்பு கொடுத்து 60 நாள் அவகாசம் தர வேண்டும் என்று கேளுங்கள்.

பத்திரம் இப்போது முடியாது என்று அவர் பிடிவாதமாக நின்றால், ஒப்பந்தத்தையாவது பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிந்தால் வில்லங்கச் சான்றில், அதாவது மனை மீது பதிவானவற்றைக் காட்டும் சான்றில், ஏறும். தெரியாமல் வாங்கினேன் என்று பின்னால் வருபவர் சொல்ல முடியாது. அந்த ஒப்பந்தத்தில் 8 லட்சத்தையும் ‘அச்சாரம்’ என்று எழுத விடாதீர்கள். 50,000 மட்டும் அச்சாரம், மீதி கிரயத் தொகையில் ஒரு பகுதி என்று பிரித்து எழுதுங்கள். பேச்சு முறிந்தால் அச்சாரத்தைத்தான் அவர் பிடித்துக்கொள்ள முடியும். இதற்கும் ஒத்துவராதவரிடம் 8 லட்சத்தைக் கொடுக்காதீர்கள்.

மூலப் பத்திரம், பட்டா, 30 வருட வில்லங்கம், மனைப்பிரிவு அங்கீகாரம் இவற்றை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். கடைசித் தவணை கட்டிய வாரமே அவரிடம் ரசீதுப் பத்திரம் எழுதி வாங்கிப் பதிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் நீங்கள் விற்கப் போகும்போது, பத்திரத்தில் உள்ள ‘பாக்கி 12 லட்சம்’ தீர்ந்ததா என்று வாங்க வருபவர் கேட்பார். அதற்குள் மனைக்காரர் எங்கே இருப்பாரோ தெரியாது.