அம்மாவோடு பழனிக்கு: திருவிழாவும் வயலும் பார்க்க எப்போது போகலாம்?

கேள்வி: சென்னையில் இருக்கிறோம். தை மாதம் மூன்று நாள் பழனிப் பக்கம் போக ஆசை. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலியும் உண்டு. பிள்ளைகள் நெல் வயலைக் கிட்டப் போய்ப் பார்த்ததே இல்லை. தைப்பூசத்தன்றே போகலாமா? கொடைக்கானலையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: தை நல்ல மாதம்தான். ஆனால் பூசத்தன்று வேண்டவே வேண்டாம். அன்றைக்கு மலையடிவாரத்தில் நடப்பதற்கே இடம் இருக்காது, மலைமேல் ஏற்றிச் செல்லும் இழுவை ரயிலான வின்ச்சுக்கான வரிசையில் அம்மா மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். தைப்பூசம் ஒரு நாள் கூத்து இல்லை, பத்து நாள் திருவிழா. ஊருக்குள் இருக்கும் பெரியநாயகி அம்மன் கோயிலில் கொடியேறும், ஏழாம் நாள் பூசத்தன்று தேர், பத்தாம் நாள் தெப்பம். கொடியேற்றத்தன்று காலையில் அங்கே இருக்கிற மாதிரி வாருங்கள். அம்மா பக்கத்தில் நின்றே பார்க்கலாம். அதற்குள் பாதயாத்திரைக் கூட்டமும் வர ஆரம்பித்திருக்கும். ஒட்டன்சத்திரம் சாலையில் காவடியும் பாட்டுமாக நடந்து வருவார்கள். ராத்திரியிலும் நடப்பார்கள் என்பதால் இருட்டிய பிறகு அந்தச் சாலையில் காரை மெதுவாக ஓட்டுங்கள்.

பூசம் முடிந்ததும் வரலாமே என்று தோன்றும். எடப்பாடி பக்தர்கள் காவடியோடு வருவது அப்போதுதான். மலைமேல் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, பஞ்சாமிர்தத்தையும் அங்கேயே டன் கணக்கில் தயாரிப்பார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் மலைமேல் நெரிசல் குறைந்திருக்காது.

மலைக்கு இரண்டாம் நாள் விடிகாலையில் போங்கள். படிகள் அறுநூறுக்கும் மேல், யானைப்பாதை கொஞ்சம் சாய்வாக இருந்தாலும் அம்மாவுக்கு ஆகாது. ரோப் காரைவிட வின்ச்சை நம்புங்கள். காற்று பலமாக வீசினால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். செல்போனுக்கு 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலில் தடை, அடிவாரத்திலேயே கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். இறங்கியதும் திருஆவினன்குடிக்குப் போகாமல் திரும்பாதீர்கள். மூன்றாம் படைவீடு என்பது அடிவாரத்தில் இருக்கும் இந்தக் கோயில்தான், மலைக்கு மட்டும் போய்விட்டுப் போகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். இங்கே ஏற வேண்டிய படியும் இல்லை.

சரி, வயல். பாலசமுத்திரம் வழியாகப் பாலாறு பொருந்தலாறு அணைக்குப் போகிற சாலையில் மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். தென்னந்தோப்பும் நெல் வயலும் மாறி மாறி வரும், பின்னாலேயே பழனி மலைத்தொடர் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். தையில் ஒரு வயல் மஞ்சளாகச் சாய்ந்திருக்கும், அடுத்ததில் அறுப்பு மெஷின் ஓடும். மெஷின் திரும்பும் இடத்தில் கொக்குக் கூட்டம் இறங்கி, கலைந்த பூச்சிகளைப் பொறுக்கும். பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரப்பில் இறங்கட்டும், யாரும் மறுக்க மாட்டார்கள். களத்திலோ ரோட்டோரத்திலோ காயும் நெல்லை மட்டும் மிதிக்க வேண்டாம். இருட்டுவதற்குள் சண்முகநதிக் கரையில் இருக்கும் பெரியாவுடையார் கோயிலுக்கும் போய்விடுங்கள். சிவன் கோயில், கூட்டம் குறைவு. அம்மா நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம்.

கொடைக்கானலை இந்தத் தடவை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். பழனியிலிருந்து மலைப்பாதை அறுபது கிலோமீட்டருக்கு மேல், வளைவுக்கு மேல் வளைவு. ஒரே நாளில் ஏறி இறங்கினால் அம்மாவுக்கு அசதிதான் மிஞ்சும். கட்டாயம் போக வேண்டும் என்றால் ஒரு ராத்திரி மேலே தங்குங்கள், வண்டியோடு கொடைக்கானலுக்குள் போக வேண்டிய ஆன்லைன் அனுமதியான இ-பாஸும் எடுத்துவிடுங்கள். அங்கே ஏரியைவிட பூம்பாறை உங்களுக்குப் பிடிக்கும். குழந்தை வேலப்பர் கோயிலைச் சுற்றிப் படிப்படியாகப் பூண்டு வயல்.

அறையை அடிவாரத்தில் எடுக்காமல் ஊருக்குள் எடுங்கள், கொடியேற்றத்துக்கு நடந்தே போய்விடலாம். அப்புறம், பஞ்சாமிர்தத்தைத் தேவஸ்தான ஸ்டாலில் மட்டும் வாங்குங்கள்.