ஷேக்கர் இல்லாமல் எட்டுப் பேருக்குத் தேசிக்காய் வோட்கா காக்டெயில் செய்வது எப்படி?

கேள்வி: கொழும்பில் எங்கள் வீட்டுக்கு எட்டுப் பேர் வருகிறார்கள். தேசிக்காயும் வோட்காவும் சேர்த்து ஒரு காக்டெயில் கொடுக்க நினைக்கிறேன். ஷேக்கர் இல்லை. முன்பு செய்தபோது முதல் வாய் கசந்தது, கடைசி வாய் வெறும் தண்ணியாக இருந்தது. எங்கே பிழை?

பதில்: வோட்காவில் பிழை தேடாதீர்கள். கசப்பு, தேசிக்காயை வெட்டிப் பிழிந்த விதத்தில் வந்தது. தண்ணியானது ஐஸால். இந்த இரண்டையும் சரிசெய்தால் நடுத்தர விலை வோட்காவிலேயே அருமையான பானம் வரும்.

முதலில் அளவு. ஒருவருக்கு வோட்கா 45 மி.லீ., தேசிக்காய்ச் சாறு 20 மி.லீ., சீனிப்பாணி 20 மி.லீ., தண்ணீர் 20 மி.லீ. எட்டுப் பேருக்கு ஒரு சுற்று என்றால் வோட்கா 360, மற்ற மூன்றும் 160 வீதம். 750 மி.லீ. போத்தல் ஒன்று இரண்டு சுற்றுக்குச் சரியாகப் போதும். கண்ணளவில் ஊற்ற வேண்டாம். மருந்துப் போத்தலோடு வரும் அளவுக் கிண்ணம் இருந்தால் அதுவே போதும். சாறு 5 மி.லீ. கூடினாலே புளிப்பு முன்னுக்கு வந்துவிடும்.

தண்ணீரை ஏன் அளந்து ஊற்றச் சொல்கிறேன்? ஷேக்கரில் ஐஸ் போட்டுக் குலுக்கும்போது பானம் குளிர்வது மட்டுமல்ல, ஏறக்குறைய கால் பங்கு தண்ணீரும் அதில் சேர்கிறது. அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் வோட்கா தொண்டையை எரிக்கும். ஷேக்கர் இல்லாத இடத்தில் அந்தப் பங்கை நாமே ஊற்றி, எல்லாவற்றையும் ஒரு போத்தலில் கலந்து, ஃபிரிட்ஜில் மூன்று மணித்தியாலம் வைத்து, கொடுப்பதற்கு முன் ஒரு மணித்தியாலம் ஃப்ரீசரில் வைத்தால் வேலை முடிந்தது. ஐஸ் இல்லாமலே சின்னக் கிளாஸில் ஊற்றலாம். கொழும்பு வெக்கையில் சிறிய ஐஸ் கட்டி பத்து நிமிடம் தாங்காது. ஏற்கெனவே ஈரமாக இருக்கும் ஐஸ் இன்னும் மோசம், கிளாஸில் போட்ட உடனே தன் மேலிருக்கும் தண்ணியைத்தான் முதலில் இறக்கும். ஐஸ் கட்டாயம் வேண்டும் என்பவருக்குப் பெரிய கட்டி ஒன்று போதும். முதல் நாளே சின்னத் தயிர்க் கோப்பைகளில் உறைய வையுங்கள், மூடியோடு. மூடாத ஐஸில் ஃப்ரீசரிலுள்ள மீன் மணம் ஏறிவிடும்.

வெறும் வோட்காவை ஃப்ரீசரிலேயே நாள் கணக்கில் வைத்திருக்கலாம், 40 வீத வோட்கா வீட்டு ஃப்ரீசரில் உறையாது. கலந்த பானம் அப்படியல்ல. அதில் அல்கஹோல் 17 வீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது, இரவு முழுக்க வைத்தால் கூழ் ஐஸாகிவிடும்.

இனித் தேசிக்காய். நடுவில் குறுக்காக இரண்டாக வெட்டி, பிழிகட்டையில் போட்டுக் கடைசிச் சொட்டு வரை நெரிப்பதுதான் கசப்புக்குக் காரணம். விதையும் வெள்ளைத் தோலும் நசுங்கிச் சாற்றில் சேர்கின்றன. அந்தக் கசப்பு பிழிந்த உடனே நாக்குக்குத் தெரியாது, வைக்க வைக்கத்தான் ஏறும். சமைக்கும்போது எங்கள் வீடுகளில் வெட்டுவது போலவே வெட்டுங்கள்: நடுத்தண்டை விட்டுவிட்டு, நிலைக்குத்தாகப் பக்கக் கன்னங்களைச் சீவி எடுக்க வேண்டும். விதை பெரும்பாலும் தண்டோடு நின்றுவிடும். கன்னத்தை விரலால் ஒரு தரம் அழுத்திப் பிழிந்து, தேத்தண்ணி வடியில் வடித்துக்கொள்ளுங்கள். வெட்டும் முன் காயை மேசையில் வைத்து உள்ளங்கையால் உருட்டினால் சாறு இலகுவாக இறங்கும். தோல் மெல்லியதாக, பளபளப்பாக, கைக்குப் பாரமாக இருக்கும் காயைப் பொறுக்குங்கள். ஒரு காயில் 12 முதல் 20 மி.லீ. வரை கிடைக்கும். இரண்டு சுற்றுக்கு 25 காய் வாங்கி வையுங்கள். சாறு அன்றைக்கே பிழிந்ததாக இருக்க வேண்டும், முதல்நாள் சாற்றில் புளிப்பு இருக்கும், வாசம் இருக்காது.

வாசம் என்றதும் சீனிப்பாணிக்கு வருகிறேன், என்னைக் கேட்டால் இந்தப் பானத்தின் உயிர் இங்கேதான். சாறு புளிப்பைத்தான் தரும், மணம் தோலிலுள்ள எண்ணெயில் இருக்கிறது. இரண்டு தோடம்பழத்தின் தோலை மெல்லியதாகச் சீவுங்கள். நம்மூர்த் தோடம்பழம் பழுத்தும் பச்சையாகவே இருக்கும், குளிர் இரவு இல்லாத இடத்தில் தோலின் பச்சை முழுதாகப் போகாது, அது குறையல்ல. வெளிநாட்டுப் பழம் என்றால் மேலே மெழுகு பூசியிருக்கும், சுடுதண்ணியில் தேய்த்துக் கழுவுங்கள். சீவிய தோலின் உட்புறத்தில் வெள்ளை தெரிந்தால் கத்தியால் வழித்துவிடுங்கள். இதை 250 கிராம் சீனியோடு சேர்த்து விரலால் நன்றாகத் தேய்த்து, மூடி இரண்டு மணித்தியாலம் விடுங்கள். திறந்து பார்த்தால் சீனி ஈர மணல் போல ஒட்டிக்கொண்டு, லேசாக நிறம் மாறி, அறையே மணக்கும். அதில் 250 மி.லீ. சுடுதண்ணீர் ஊற்றிக் கரைத்து வடியுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட வேண்டாம், எண்ணெய் ஆவியோடு போய்விடும். 400 மி.லீ. வரை பாணி கிடைக்கும், இரண்டு சுற்றுக்குத் தேவை 320.

எல்லாம் கலந்ததும் இரண்டு விரலால் கிள்ளிய உப்பு ஒரு துளி போடுங்கள். உப்புக் கரிக்கக் கூடாது, மிச்சமிருக்கும் கசப்பு அமுங்கினால் போதும். பிறகு ருசி பாருங்கள். குளிரில் இனிப்பு மங்கித் தெரியும். அதனால் அறைச் சூட்டில் பார்க்கும்போது கொஞ்சம் இனிப்புத் தூக்கலாகவே இருக்க வேண்டும்.

கிளாஸ் விளிம்பில் சீனி பூசுவது அழகுதான், ஆனால் கொழும்பின் ஈரக்காற்றில் அரை மணித்தியாலத்தில் பிசுபிசுத்து விரலில் ஒட்டும். பூசுவதென்றால் ஊற்றுவதற்குச் சற்று முன், பாதி விளிம்புக்கு மட்டும்.

நீளமான பானம் கேட்பவருக்குப் பெரிய கிளாஸில் ஐஸ், வோட்கா 45, சாறு 15, மேலே எலிபன்ட் ஹவுஸ் இஞ்சி பியர். அதுவே நல்ல இனிப்பு என்பதால் பாணி வேண்டாம். சோடாவோ இஞ்சி பியரோ சேர்ந்த எதையும் மூடிய போத்தலில் குலுக்க வேண்டாம், மூடி தெறிக்கும். குடிக்காதவர்களுக்கும் வண்டி ஓட்டுபவர்களுக்கும் அதே பாணி 30, சாறு 20, மேலே குளிர்ந்த சோடா. ஒப்புக்குக் கொடுத்ததாகத் தெரியாது, அவ்வளவு மணமாக இருக்கும்.

வாங்கும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். போயா தினத்தில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், வைன் ஸ்டோர்ஸும் சூப்பர்மார்க்கெட்டின் மதுப்பகுதியும் பூட்டியிருக்கும், 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவும் மாட்டார்கள். விருந்து போயாவை ஒட்டி வந்தால் இரண்டு நாள் முன்பே போத்தலை வாங்கி ஃப்ரீசரில் வையுங்கள். இரண்டாம் சுற்றுக்கான வோட்கா, பாணி, தண்ணீரை வேறொரு போத்தலில் கலந்து குளிர வைத்துவிட்டு, சாற்றை மட்டும் முதல் சுற்று ஊற்றி முடிந்ததும் பிழிந்து சேருங்கள்.