சொஸ்மாவில் பிடித்தால் ஜாமீன் உண்டா?

சொஸ்மா என்பது மலேசியாவின் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "தம்பியைத் தீவிரவாதச் சந்தேகத்தில் சொஸ்மாவில் பிடித்து மூன்று நாளாகிறது, கோர்ட்டுக்கே கொண்டுபோகவில்லை. 6,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் ஜாமீனில் எடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். ஒரு காசுகூட.

மற்ற கைது என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 2012இல் வந்த சொஸ்மாவில் அது இல்லை. சூப்ரின்டென்டன்ட் பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரி கையெழுத்துப் போட்டால் 28 நாள் வரை நீட்டிக்கலாம். பிடிப்பதும் போலீஸ், நாளைக் கூட்டுவதும் போலீஸ். 2022 மார்ச்சில் இந்த 28 நாள் ஏற்பாட்டைத் தொடர்ந்து நடைமுறையில் வைக்கும் தீர்மானம் நாடாளுமன்றத்தில் ஆதரவு 84, எதிர்ப்பு 86 என்று தோற்றது, அப்பாடா என்றிருந்தோம். ஜூலையில் திரும்பக் கொண்டுவந்து நிறைவேற்றிவிட்டார்கள்.

ஆகவே இந்த 28 நாளில் ஜாமீன் என்ற பேச்சே இல்லை. குற்றம் சாட்டிய பிறகும், ஜாமீனைத் தடுக்கும் சொஸ்மாவின் 13ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர், பெண், நோயாளி என்றால் கொடுக்கலாம் என்று அதில் ஒரு விலக்கு உண்டு. தரகர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான்: "தம்பிக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கா? மெடிக்கல் லெட்டர் எடு, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்." ஆனால் தண்டனைச் சட்டத்தின் 6ஏ அத்தியாயக் குற்றங்களுக்கு, அதாவது தீவிரவாதக் குற்றங்களுக்கு, அந்த விலக்கு பொருந்தாது. இனிப்பு நீரோ இருதய நோயோ, பொருந்தாது. ஓர் அம்மா என் மேசையில் தாலிக்கொடியின் அடகுச் சீட்டை வைத்து, "4,000 கொடுத்துட்டேன் சார், மகன் இன்னும் வரலையே" என்றார். பணம் வாங்கிய தரகரின் கைப்பேசி அதற்குள் அணைந்துவிட்டது. கித்தாக் காட்டில் (ரப்பர் தோட்டத்தில்) கூலியாட்களை மேய்த்த கங்காணி போனார், இப்போது இந்தத் தரகர்கள்.

சரி, உங்களுக்கு என்ன உரிமை? கைதுக்கான காரணத்தைத் தம்பியிடம் கூடிய விரைவில் சொல்ல வேண்டும், குடும்பத்துக்கு உடனே தகவல் தர வேண்டும். விரும்பிய லாயரை அவர் பார்க்கலாம். அதைப் போலீஸ் தள்ளிப்போடலாம், ஆனால் 48 மணி நேரத்துக்கு மேல் முடியாது. உங்களுக்கு மூன்று நாளாகிவிட்டதே! இன்றே லாயரை அனுப்புங்கள். பிடித்த நேரம், எந்த பாலாய் (போலீஸ் நிலையம்), தம்பியின் ஐசி (அடையாள அட்டை) எண், சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பணம் இல்லையென்றால் ஈப்போவில் பேராக் வழக்கறிஞர்களின் சட்ட உதவி மையத்தில் கேட்டுப் பாருங்கள். லாயருக்குக் கொடுக்கும் பணத்துக்கும் ரசீது வாங்குங்கள்.