நங்கூரமிட்ட பாய்மரப் படகில் பழுது வேலை முடியும்வரை எப்படி வாழ்கிறார்கள்?

வீட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு அதற்குள்ளேயே குடியிருப்பது மாதிரிதான். கூடவே வீடு ஆடும்.

மலேசியாவின் லங்காவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1987 முதல் சுங்கவரி இல்லாத தீவு. தொலைதூரம் சுற்றும் பல படகுகள் பழுது பார்க்கக் குவா நகருக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கும்.

அடிக்கடி மக்கர் செய்வது, எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் பம்ப். உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் சின்ன ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் இதழ்கள் பிய்ந்தால் நீரோட்டம் குறைந்து எஞ்சின் சூடேறும். புதியதை மாட்டுவது சின்ன வேலை. பிய்ந்த துண்டு எந்தக் குழாயில் போய் அடைத்திருக்கிறது என்று தேடுவதில்தான் பொழுது போகும். தேடாமல் விட்டால் மறுபடி அதே கதை. உதிரிபாகங்கள் படுக்கைக்கு அடியில் இருக்கும். மெத்தையைத் தூக்கிவிட்டால் ராத்திரி எங்கே படுப்பது என்பது தனிப் பிரச்சினை!

மின்சாரம் சோலார் தகடும் பேட்டரியும் தருவதுதான். மேகம் மூடிய நாளில் ஃபிரிட்ஜா, டிரில்லா என்று முடிவெடுக்க வேண்டும். பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். கரைக்குப் போகச் சின்ன ரப்பர் படகு.

உண்மையான பயம் வேறு. எஞ்சின் பிரிந்து கிடக்கும்போது நங்கூரம் பிடிவிட்டு இழுபட்டால் கையில் அதிகம் வழியில்லை. அதனால் ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது சங்கிலி விடுவார்கள், படகு இடம் நகர்ந்தால் ஒலிக்கும் நங்கூர அலாரமும் போனில் வைப்பார்கள். லங்காவியை ஒட்டிய மலாக்கா நீரிணையின் 'சுமத்ரா' சூறைக்காற்று பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகுதான் வரும்.