கேள்வி - பதில்: மெனுவை எங்கே ஒளித்து வைத்தார்கள்?

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். மகன் புது லேப்டாப்பில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். பழைய கம்ப்யூட்டரில் மேலே ஃபைல், எடிட், வியூ என்று வரிசையாக இருக்கும். இதில் வலது மூலையில் மூன்று கோடுகள்தான் இருக்கின்றன. ஒரு பக்கத்தைப் பிரிண்ட் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இருந்ததை ஏன் சார் எடுத்தார்கள்?
- வாசகர், மயிலாடுதுறை

பதில்: எடுக்கவில்லை ஐயா, ஒளித்து வைத்திருக்கிறார்கள். கீபோர்டில் ஆல்ட் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள், மொத்த வரிசையும் வந்து நிற்கும். நிரந்தரமாக வேண்டுமென்றால், மேலே டேப்களுக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தில் ரைட் கிளிக் செய்து 'மெனு பார்' என்பதை டிக் செய்யுங்கள். அப்புறம் அது எங்கும் போகாது. பிரிண்ட் மட்டும் போதுமென்றால் கன்ட்ரோலையும் பி-யையும் சேர்த்து அழுத்தினால் சரி.

ஏன் என்று கேட்டீர்களே, அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2008 செப்டம்பரில் கூகுள் தன் குரோம் பிரவுசரை வெளியிட்டபோது அதில் மெனு வரிசை இல்லை, அடியில் நிரந்தரமான ஸ்டேட்டஸ் பார் இல்லை, முகவரிக்கு ஒன்று தேடலுக்கு ஒன்று என்று இரண்டு பெட்டிகளும் இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி. அப்போது நெட்புக் என்ற பெயரில் குட்டி லேப்டாப்கள் விற்றுக்கொண்டிருந்தன. பல மாடல்களில் திரையின் உயரமே 600 பிக்சல்தான். அதில் பழைய பாணி பிரவுசரைத் திறந்தால் டைட்டில், மெனு, பட்டன்கள், புக்மார்க், டேப் என்று அடுக்கிக்கொண்டே போய், படிக்க வந்த பக்கத்துக்கு மிச்சம் கிடைப்பது கொஞ்சம்தான். ஆகவே குரோம் காட்டிய சிக்கனத்தில் நியாயம் இருந்தது. டேப்களை உச்சிக்கு ஏற்றியதுகூட நல்ல யோசனைதான்: ஜன்னலைத் திரை முழுக்க விரித்து வைத்திருந்தால் மவுஸை மேலே தள்ளினால் போதும், ஓரத்தில் தானாக நின்றுவிடும், குறி பார்க்கும் வேலை மிச்சம்.

அதன் பிறகு எல்லோரும் அதே வழியில் போனார்கள். 2011 மார்ச்சில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 4, விண்டோஸில் மெனு வரிசையை மறைத்துவிட்டு ஆரஞ்சு நிறத்தில் ஒரே ஒரு பட்டனை வைத்தது. அதிலாவது ஃபயர்ஃபாக்ஸ் என்று எழுதியிருந்தது. 2014 ஏப்ரலில் 29-ஆம் பதிப்பு வந்தபோது அதுவும் போய், நீங்கள் பார்க்கும் மூன்று கோடுகள் வந்து உட்கார்ந்தன. (அந்தச் சின்னம் புதியதல்ல, 1981-இல் ஜெராக்ஸ் ஸ்டார் கம்ப்யூட்டருக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது.) நெட்புக்குகள் காணாமல் போய், வீட்டு மேஜைகளில் பெரிய பெரிய மானிட்டர்கள் வந்த பிறகும் மறைத்தவை மறைத்தபடியே இருக்கின்றன. இதில்தான் எனக்குக் கோபம். ஃபைல் என்பது ஒரு வார்த்தை, படித்தால் உள்ளே என்ன இருக்கும் என்று ஓரளவாவது ஊகிக்கலாம். மூன்று கோடுகளை என்னவென்று படிப்பது?

கேள்வி: குரோமில் வங்கி இணையதளத்தைத் திறந்தால் முகவரியில் முன்னால் வரும் எச்டிடிபிஎஸ் காணோம், பூட்டுப் படமும் காணோம். பயமாக இருக்கிறது. பணம் பத்திரமா?
- வாசகி, ராமநாதபுரம்

பதில்: பூட்டு காணாமல் போனதற்காகப் பயப்பட வேண்டாம் அம்மா. 2023 செப்டம்பரில் வந்த 117-ஆம் பதிப்பில் பூட்டை எடுத்துவிட்டு, இரண்டு சின்ன ஸ்லைடர்கள் போன்ற படத்தை வைத்தார்கள். எடுத்தது சரி என்றுதான் நான் சொல்வேன். அந்தப் பூட்டுக்கு, உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டும்தான் பொருள், அந்தத் தளம் யோக்கியமானது என்பதல்ல. போலித் தளம் நடத்துகிறவனும் பூட்டு வாங்கி மாட்டிக்கொள்ளலாம், அதற்குக் காசுகூடச் செலவாகாது.

முகவரியை மறைத்ததுதான் வேறு கதை. 2018-இல் குரோம் 69 முன்னால் வரும் மூன்று டபிள்யூக்களை மறைத்தது, எதிர்ப்பு கிளம்பியதும் திருப்பிக் கொடுத்தது. அடுத்த வருஷமே, 76-ஆம் பதிப்பில், எச்டிடிபிஎஸ்ஸோடு சேர்த்து மறுபடி மறைத்தது. 2020-இல் தளத்தின் பெயரை மட்டும் விட்டுவிட்டு மீதி முகவரி முழுவதையும் மறைத்துப் பார்த்தார்கள். நீளமான முகவரியைப் பார்த்து ஜனங்கள் ஏமாறுகிறார்கள், பெயர் மட்டும் தெரிந்தால் போலியைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிவரவில்லை, 2021-இல் சோதனையையே கைவிட்டார்கள். உங்களுக்கு முழு முகவரி வேண்டுமென்றால் முகவரிப் பெட்டியில் ரைட் கிளிக் செய்து, எப்போதும் முழு முகவரியைக் காட்டும்படி டிக் செய்துவிடுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முகவரிக்கும் தேடலுக்கும் ஒரே பெட்டி என்று ஆனதிலிருந்து நம்மில் பலர் வங்கி முகவரியை அடிப்பதே இல்லை, வங்கியின் பெயரை அடித்துவிட்டு முதலில் வருவதைத் தட்டுகிறோம். முதலில் வருவது விளம்பரமாகவும் இருக்கலாம், அதில் போலியும் புகலாம். வங்கிக்கு மட்டுமாவது ஒரு புக்மார்க் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பக்கத்தை மேலும் கீழும் இழுக்கும் கம்பியைக் காணோமே?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: மவுஸை நகர்த்தினால் ஒல்லியாக வந்து தலைகாட்டிவிட்டுப் போகும். ஆப்பிள் 2011-இல் மேக்கில் தொடங்கிவைத்த பழக்கம் இது. மேக்கானாலும் விண்டோஸ் 11 ஆனாலும் செட்டிங்ஸில் எப்போதும் காட்டு என்று மாற்றலாம். பக்கம் எவ்வளவு நீளம், நாம் எங்கே இருக்கிறோம் என்று சும்மா பார்த்தாலே தெரிந்த விஷயம், இப்போது தொட்டால்தான் தெரிகிறது.

கேள்வி: நான் யூஐ டிசைனர், அதாவது திரையில் எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்று வடிவமைப்பவன். எந்த மாற்றம் வந்தாலும் உங்களைப் போன்றவர்கள் முதலில் புலம்புவதும் ஒரு மாதத்தில் பழகிவிடுவதும் வாடிக்கைதானே? பத்து பேரில் ஒருவர் பயன்படுத்தும் பட்டனுக்காக மற்ற ஒன்பது பேர் குப்பையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பழகிவிடுவோம் தம்பி, வேறு வழியில்லாதவன் எதற்கும் பழகுவான். ஆனால் 2021-இல் ஐஃபோனில் சஃபாரி பிரவுசருக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். முகவரிப் பட்டையைத் திரையின் அடிக்குக் கொண்டுபோய், மிதக்க விட்டு, பல பட்டன்களை உள்ளே மடித்து வைத்தார்கள். பீட்டா என்கிற சோதனைப் பதிப்பிலேயே சத்தம் பெரிதாக எழுந்தது. ஐஃபோனின் ஐஓஎஸ் 15 முழுமையாக வெளிவந்தபோது பட்டனெல்லாம் வெளியே வந்துவிட்டது, பட்டை மேலேயா கீழேயா என்று நாமே தேர்ந்தெடுக்கும் வசதியும் கூடவே வந்தது. எனக்கு அது கீழே இருப்பதுதான் பிடித்திருக்கிறது, கட்டைவிரல் எட்டுகிறது. அப்படியானால் யோசனை மோசமில்லை, அதைத் திணித்த விதம்தான் மோசம்.

பத்தில் ஒருவர் என்கிற கணக்கையும் நான் அவ்வளவு சுலபமாக நம்ப மாட்டேன். அதே வருஷம் ஃபயர்ஃபாக்ஸ் 89-இல் டேப்கள் எல்லாம் தடித்துப் பெரிதாயின. மேல்பட்டையை ஒடுக்கிச் சின்னத் திரைக்காரர்களுக்கு உதவும் காம்பாக்ட் என்ற வசதி இருந்தது, அதைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அப்போது சொன்ன காரணம் இது: அது கண்டுபிடிக்கச் சிரமமான இடத்தில் இருக்கிறது, ஆகவே அதிகம் பேர் பயன்படுத்த மாட்டார்கள் என்று கருதுகிறோம். அஞ்சறைப் பெட்டியைப் பரணில் ஏற்றி வைத்துவிட்டு, இந்த வீட்டில் யாரும் கடுகு தாளிப்பதில்லை என்று முடிவு கட்டினால் எப்படி? ஒரு பட்டனை எத்தனை பேர் தட்டினார்கள் என்று எண்ணும்போது, அது எங்கே இருந்தது என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை தேவைப்படுவதை உள்ளே தள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. பிரிண்டும் புக்மார்க்கும் அந்த ரகமா?

கேள்வி: எந்த பிரவுசர் நல்லது? ஒரே வரியில் சொல்லவும்.
- வாசகர், தர்மபுரி

பதில்: ஒரே வரியில் என்றால் ஃபயர்ஃபாக்ஸ், பட்டன்களை இன்னமும் இழுத்துப்போட்டு அடுக்கிக்கொள்ளலாம் என்பதால். இன்னும் நோண்டிப் பார்க்க ஆசையிருந்தால் விவால்டி. 2013-இல் ஓபரா என்ற பிரவுசரின் 15-ஆம் பதிப்பு வெளியானபோது பழைய வசதிகளில் பாதி காணோம், புக்மார்க்கே காணோம். அந்த ஓபராவைத் தொடங்கியவர்களில் ஒருவர், யோன் ஃபான் டெட்ச்னர், அதற்கு முன்பே அங்கிருந்து விலகியிருந்தார். பழைய ஓபராவின் தாராளத்தை மனதில் வைத்து அவர் ஆரம்பித்ததுதான் விவால்டி, முதல் முழுப் பதிப்பு 2016-இல் வந்தது. செட்டிங்ஸ் பக்கமே ஒரு சின்ன ஊர் மாதிரி நீளும், எச்சரித்துவிட்டேன். (ஒரே வரி கேட்டீர்கள், மன்னிக்கவும்.)

கேள்வி: பேக்ஸ்பேஸ் அழுத்தினால் முந்தைய பக்கம் போகுமே, இப்போது குரோமில் போவதில்லையே?
- வாசகி, பாண்டிச்சேரி

பதில்: 2016-இல் 52-ஆம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். நீளமான விண்ணப்பப் படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டே வந்து, கர்சர் கட்டத்துக்கு வெளியே இருப்பது தெரியாமல் பேக்ஸ்பேஸைத் தட்டினால் அடித்ததெல்லாம் போய்விடும், அதனால்தான். நல்ல முடிவு. இப்போது ஆல்ட்டையும் இடது அம்புக்குறியையும் சேர்த்து அழுத்துங்கள், முந்தைய பக்கம் வந்துவிடும்.