பிரதிகளும் பக்கங்களும்

அன்புள்ள அக்காவுக்கு,

அமேசானில் நீங்கள் விற்கும் மின்னூல்களைப் பற்றிச் சென்ற வாரம் வெளியிட்ட ஆண்டுக் கணக்கைப் படித்தேன். விற்ற பிரதிகள் முந்தைய ஆண்டைவிடக் குறைவு என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ‘நல்ல ஆண்டு’ என்கிறீர்கள். எனக்குப் பிடிபடவில்லை. போதாததற்கு உங்கள் நாகர் மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவலின் முதல் பாகத்துக்கு விலையையும் கூட்டியிருக்கிறீர்கள். ஒரு டொலருக்குள் கொடுத்தால் இன்னும் நிறையப் பேர் வாங்குவார்களே?

ஒரு மனக்குறையும் உண்டு. அந்த நாகர் கதை உங்கள் தளத்தில் தொடராக வந்தபோது வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாராவாரம் படித்தவன் நான். இப்போது முதல் சில அத்தியாயங்களைத் தவிர மற்றதையெல்லாம் எடுத்துவிட்டீர்கள். டொலரில் வாங்க என்னிடம் வங்கி அட்டை இல்லை. கொழும்பில் இருந்துகொண்டு நீங்கள் எழுதுவதைச் சென்னையில் இருப்பவர் படிக்கலாம், தெஹிவளையில் இருக்கும் நான் படிக்க முடியாது என்றால் என்ன நியாயம்? அமெரிக்காவில் ஒரு மிகுபுனைவு எழுத்தாளர் வாசகர்களிடமே கோடிக்கணக்கில் திரட்டினாராமே, நீங்களும் முயலலாமே?

நானும் ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். நாற்பது அத்தியாயங்கள், பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. மின்னூலாக்க ஆசை. வழி சொல்லுங்கள்.

— தெஹிவளை வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

மனக்குறையையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றக் கேள்விகளுக்கும் வாசல் அதுதான்.

எழுதியவரே மின்னூல் வெளியிட அமேசான் நடத்தும் சேவை கேடிபி. அதன் செலக்ட் திட்டத்தில் ஒரு மின்னூலைச் சேர்த்தால், 90 நாட்களுக்கு அதன் மின்வடிவம் வேறெங்கும் கிடைக்கக் கூடாது. விற்கவும் கூடாது, சும்மா கொடுக்கவும் கூடாது. எழுதியவரின் சொந்தத் தளத்துக்கும் விலக்கு இல்லை. மாதிரிக்கென 10 சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம். தளத்தில் மிஞ்சியிருக்கும் அத்தியாயங்கள் அந்தப் பத்துச் சதவீதம்தான். தவணை முடிந்ததும் விலகிக்கொள்ளலாம். நான் விலகாமல் புதுப்பித்துக்கொண்டே வருகிறேன், தெரிந்துதான் செய்கிறேன்.

காரணம் வருமானம். இந்தத் திட்டத்தில் உள்ள நூல்களை, அமேசானின் மின்னூல் சந்தாவான கிண்டில் அன்லிமிட்டெட்டில் சேர்ந்தவர்கள் தனி விலை கொடுக்காமல் படிக்கிறார்கள். எழுதியவருக்கு, அவர்கள் படித்த பக்கங்களுக்குக் கூலி. 2015 ஜூலைக்கு முன்னர் முறை வேறு: இரவல் எடுத்தவர் பத்திலொரு பங்கைத் தாண்டிவிட்டால் ஒரு நூலுக்கு இவ்வளவு என்று கொடுத்தார்கள். முப்பது பக்கச் சிறு பிரசுரத்துக்கும் ஐந்நூறு பக்க நாவலுக்கும் ஒரே தொகை. நாவலைத் துண்டுதுண்டாக நறுக்கி ஏற்றியவர்கள் அந்தக் காலத்தில் கொழித்தார்கள். பக்கக் கணக்கு வந்த பிறகு நீளக் கதை எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கொஞ்சம்தான். அமெரிக்கச் சந்தாவில் பக்கமொன்றுக்கு அரைச் சதத்துக்கும் கீழே. இந்தியச் சந்தாவில் அதைவிடவும் குறைவு. ஒருவர் ஒரு பக்கத்தை எத்தனை முறை திருப்பிப் படித்தாலும் முதல் முறைக்கு மட்டுமே காசு.

அந்தச் சில்லறைதான் என் வருமானத்தில் பெரும்பங்கு. அதுவும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வருகிறது. கிண்டிலில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளுக்கு இடம் கிடைத்ததே 2016 டிசம்பரில்தான். அதற்கு முன்னர் எழுதி முடித்த என் முதல் பாகம் கணினியில் சும்மா தூங்கிக்கொண்டிருந்தது.

இனி ‘நல்ல ஆண்டு’ விவகாரம். பிரதிகள் குறைந்தது உண்மை. ஆனால் மூன்றாம் பாகம் வந்துவிட்டதால், முதல் பாகத்தைத் திறந்தவர்கள் நின்றுவிடாமல் தொடர்ந்து போனார்கள். அன்றன்று படிக்கப்பட்ட பக்கங்களைக் கோடாகக் காட்டும் அமேசான் அறிக்கையில், என் அளவிலான எழுத்தாளருக்குத் தனி வாசகரே சில நேரம் தென்படுவார். கார்த்திகை மழையில் ஒரு வார இறுதி: வெள்ளிக்கிழமைக் கோடு அறுபது பக்கத்தில் நின்றது, சனிக்கிழமை முந்நூறைத் தாண்டியது, ஞாயிறு மாலையோடு முதல் பாகத்தின் கோடு படுத்துவிட்டது. திங்கட்கிழமை இரண்டாம் பாகத்தின் கோடு எழுந்தது. யார், எந்த ஊர் என்று தெரியாது. இந்தியக் கடை என்பது மட்டும் தெரியும். முதல் பாகத்தைச் சந்தாவில் இரவல் எடுத்துக் கைபேசியில் போட்டுவிட்டுத் திறக்காமலே இருக்கும் பத்துப் பேரைவிட இவர் ஒருவர் என் அடுப்புக்கு உதவுகிறார். என் வருமானத்தில் பெரும்பங்கு இப்படிப் படிக்கப்படும் பக்கங்களிலிருந்து வருவதால்தான் பிரதி எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இலவச நாட்களையும் அப்படித்தான்: தவணைக்கு ஐந்து நாள் நூலைச் சும்மா கொடுக்கலாம், நூற்றுக்கணக்கில் இறங்கும், படிக்கப்படுவது கொஞ்சம். புதிய பாகம் வரும் வாரத்தில் மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன்.

பக்கத்துக்குக் கூலி என்றதும் பக்கத்தைப் பெருக்கத் தோன்றும். வாரப் பத்திரிகைத் தொடர்களைப் படித்து வளர்ந்த நமக்கு அந்த வித்தை கைவந்தது. இளவரசி நந்தவனத்துக்குப் போய்த் திரும்பவே மூன்று வாரமாகும். மூன்றாம் பாகத்தில் மணிபல்லவத்துக்குப் போகும் கடற்பயணம் என் கைப்பிரதியில் நான்கு அத்தியாயமாக ஓடியது. பாய்மரம், சுறா, புயல், மறுபடியும் சுறா. ஒன்றாகச் சுருக்கினேன். கலைக்காக என்று பெருமை பேசலாம்தான், ஆனால் கணக்கும் அதையே சொல்கிறது: இரண்டாவது சுறாவில் சலித்து மூடியவர் நான்காம் பாகத்துக்கு வரப்போவதில்லை. ஐம்பது பக்கக் கூலிக்காக ஐந்நூறு பக்க வாசகரை இழப்பது மோசமான வியாபாரம்.

விலைக்கு வருகிறேன். அமேசானில் 2.99 முதல் 9.99 டொலர் வரை விலை வைத்தால் 70 சதவீத உரிமத்தொகை பெறலாம். அதற்குக் கீழே போனால் 35தான். 99 சத நூலில் கைக்கு வருவது 35 சதம். 2.99 நூலில் ஏறத்தாழ 2.09 டொலர். ஒன்றை விற்ற இடத்தில் ஆறு விற்றால்தான் சமம். விலையைக் குறைத்ததும் தமிழ் மிகுபுனைவுக்கு ஆறு மடங்கு வாசகர் வந்து நிற்பார்கள் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

70 சதவீதத்திலும் ஒரு பிடி உண்டு. அமெரிக்கக் கடையில் கோப்பின் அளவுக்கு, மெகாபைட்டுக்கு 15 சதம் வீதம், அனுப்புகைச் செலவைக் கழித்துவிட்டே சதவீதம் போடுவார்கள். மற்றவர்களுக்கு இது பெரிய விடயமில்லை. நம் வகைக் கதைக்கோ வரைபடம் வேண்டும். கொட்டாஞ்சேனையில் ஓவியம் படிக்கும் பிள்ளை ஒருவர் நாகதீவுகளை மைக்கோட்டில் வரைந்து தந்தார். ஒவ்வொரு துறைக்கும் ஒரு சிறு தோணி, திசைகாட்டியைச் சுற்றிப் படமெடுத்த பாம்பு. அதை அப்படியே ஏற்றியபோது கோப்பு 5 மெகாபைட்டைத் தொட்டது. 75 சதம் கழிந்து, 2.99 டொலர் நூலில் 1.57தான் மிஞ்சும் என்று கணக்குக் காட்டியது. வண்ணத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கினேன், அளவு ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டது. பாம்பு இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.

தெஹிவளையில் இருந்து கேட்கிறீர்கள் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த 70 சதவீதம் வாங்குபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அந்தப் பட்டியலில் இந்தியா இருக்கிறது (அங்கேயும் செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால்தான்), இலங்கை இல்லை. நீங்கள் எப்படியாவது அட்டை தேடி வாங்கினாலும் எனக்கு வருவது 35தான். ஆக, இந்த ஏற்பாட்டில் என் சொந்த ஊர் வாசகரால் இரு தரப்புக்கும் நட்டம். நியாயமா என்று கேட்டீர்கள், இல்லைதான்.

அமெரிக்க எழுத்தாளர் கதை விரைவில் முடிந்துவிடும். பிரண்டன் சாண்டர்சன் 2022 மார்ச்சில், பொதுமக்களிடம் நிதி திரட்டும் தளமான கிக்ஸ்டார்டரில் திரட்டியது 4 கோடியே 17 லட்சம் டொலர். கொடுத்தவர்கள் 1,85,000 பேருக்கு மேல். 2005 முதல் பெரும் பதிப்பகங்கள் வழியாகச் சேர்ந்த வாசகர்கள் அவர்கள். கிக்ஸ்டார்டரோ இலங்கையிலிருந்து திட்டம் தொடங்க இடமே கொடுப்பதில்லை.

ஆண்டுக் கணக்கை ரூபாயில் எழுதாமல் டொலரில் எழுதியதைச் சிலர் குறை சொன்னார்கள். 2022 தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய். அந்த ஆண்டு மே மாதத்தில் 360. நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லை, கடதாசி இல்லாமல் நாளேடுகள் அச்சை நிறுத்தின, மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. நான் மிகக் குறைவாக எழுதிய ஆண்டு அது. ஆனால் ரூபாயில் பார்த்தால் அதுதான் என் பொற்காலம்! பிறகு ரூபாய் நிமிர்ந்து ஒரு டொலர் 300 அளவுக்கு வந்ததும், விற்பனை கூடியும் வருமானம் சரிந்ததுபோல் தெரிந்தது. நாணய மாற்று வீதத்தை நம் திறமை என்று எண்ணிவிடக் கூடாது. தொடங்கும்போது வரிப் படிவத்தை ஒழுங்காக நிரப்புங்கள். அமெரிக்காவில் விற்பதற்கு அங்கே 30 சதவீதம் பிடிப்பார்கள். இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி இலங்கையருக்கு அது 10 சதவீதம். அதைக் கோருவதற்கான இடத்தை வெறுமையாக விட்டால் 30தான் போகும்.

வரும் ஆண்டுக்கான திட்டத்தை ஆண்டுக் கணக்கில் எழுதவில்லை, அப்போது முடிவாகியிருக்கவில்லை. செலக்ட் திட்டத்தின் தடை மின்வடிவத்துக்கு மட்டுந்தான். அச்சு நூலுக்கு இல்லை. எனவே முதல் பாகத்தை 300 பிரதிகள் அச்சிடப்போகிறேன். கொழும்பில் வெள்ளவத்தையிலும் செட்டியார் தெருவிலும் உள்ள கடைகளில் வைப்பேன். வெளியீட்டு விழா கிடையாது. மண்டபம் பிடித்து, மங்கல விளக்கேற்றி, முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று வரிசையாக அழைத்து, கடித உறையில் காசு வாங்கினால் அச்சுக்கூலி ஒரே மாலையில் வந்துவிடும் என்பது தெரியும். ஆனால் அந்த உறைகளோடு வருகிறவர்கள் என்மீதுள்ள அன்புக்காக வருகிறவர்கள், அவர்களில் பலருக்கு நாகரும் வேண்டாம் தீவும் வேண்டாம். எனக்குத் தேவை பஸ்ஸில் படிக்கிற நீங்கள். கடைக்காரர் கழிவு போக அச்சுச் செலவு தேறினால் இரண்டாம் பாகமும் வரும்.

உங்கள் நாவலுக்கு: விலையையும் அட்டைப்படத்தையும் பிறகு பார்க்கலாம், முதலில் பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றுங்கள். மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் மாற்றியபின் ‘ஔ’ வரிசையைக் கண்ணால் நம்பாதீர்கள். ‘மௌனம்’ என்பது பல இடங்களில் ‘மெ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாக விழுந்திருக்கும். திரையில் வேறுபாடு தெரியாது, வாசகர் தேடினால் அகப்படாது. ‘கௌ’, ‘சௌ’, ‘வௌ’ வர வேண்டிய இடங்களையும் இப்படி இரண்டு எழுத்தாக விழுந்த வடிவத்தில் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ விழுந்திருப்பதையும் பாருங்கள். எல்லாம் முடிந்ததும் முதல் மூன்று அத்தியாயங்களை எனக்கு அனுப்புங்கள். பாமினியில் வந்தால் திறக்கமாட்டேன்.

அன்புடன்,
அக்கா