திறந்த மூலத்தில் எங்கிருந்து தொடங்குவது? – கடிதம்

வணக்கம் ஐயா,

பட்டர்வொர்த்தில் இருக்கிறேன், பொலிடெக்னிக்கில் கணினி படிக்கிறேன். பைதான் நிரல்மொழி ஓரளவு வரும். திறந்த மூல மென்பொருள் (நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடியது) எதற்காவது பங்களிக்க ஆசை. ஆனால் அந்த நிரல்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தைத் திறந்தாலே ஆயிரக்கணக்கில் கோப்புகள், எல்லாரும் ஆங்கிலத்தில் வாதாடுகிறார்கள். என் ஆங்கிலம் சுமார்தான். 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' என்று புதியவர்களுக்காகக் குறித்துவைத்த வேலை எதையாவது எடுக்கலாம் என்று போனால், எனக்கு முன்பே பலர் கேட்டுவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது? பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை தேடும்போது இது உதவுமா?

தி., பட்டர்வொர்த்

அன்புள்ள தம்பிக்கு,

'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' நல்ல எண்ணத்தில் வைத்த முத்திரைதான். ஆனால் பெயர்பெற்ற திட்டங்களில் அது தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக் கோவில் படிக்கட்டு மாதிரி. அங்கே போய் முண்டியடிக்காதீர்கள். நீங்கள் அன்றாடம் திறக்கும் மென்பொருள் எதுவோ, லிப்ரே ஆபிஸோ ஃபயர்பாக்ஸோ, அதில் ஆரம்பியுங்கள். அதில் தமிழில் எழுதிப் பாருங்கள், தேடிப் பாருங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பைதானில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று வரும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து; கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் மிகரத்தின் கொக்கியும் ழகரத்தின் புள்ளியும் தனித்தனிக் குறிகள். இது தெரியாமல் ஒருவர் தலைப்பை இத்தனை எழுத்தோடு வெட்டு என்று நிரல் எழுதினால், 'ழ்' புள்ளியை இழந்து 'ழ' என்று நிற்கும். 'கொ' இன்னும் வேடிக்கை. அதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். மென்பொருள் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் தேடினால் 'கொடி' இருக்கும் பக்கத்திலேயே 'கொடி' கிடைக்காது. தமிழ் படிக்கத் தெரியாத நிரலாளர் கண்ணில் இந்தப் பிழைகள் படவே படாது. உங்கள் கண்ணில் படும்.

பட்டதும் நிரலைத் திருத்தப் பாயவேண்டாம். யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள். இல்லையென்றால் பிழை அறிக்கை எழுதுங்கள்: எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, சோதிக்க ஒரு சின்ன கோப்பு. இதற்குச் சுமாரான ஆங்கிலமே போதும். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே தாய்மொழி சுவீடிஷ்தான். பழைய அறிக்கைகளை எடுத்து, புதிய பதிப்பிலும் அந்தப் பிழை வருகிறதா என்று பார்த்துச் சொல்வதும் பங்களிப்புதான். யாரும் போட்டிக்கு வராத வேலை அது.

அப்புறம் மென்பொருளை உங்கள் கணினியில் மூலநிரலிலிருந்து கட்டி ஓட்டிப் பாருங்கள். 'கான்ட்ரிபியூட்டிங்' என்ற கோப்பில் வழி இருக்கும். அதன்படி செய்தும் எங்காவது சிக்கினால், அந்த இடத்தைத் திருத்தி அனுப்புங்கள். பழகியவர்கள் அந்தக் கோப்பைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

காற்புள்ளியை மட்டும் மாற்றி அனுப்பும் பழக்கம் வேண்டாம். 2020-இல், திறந்த மூலத்துக்குத் திருத்தம் அனுப்புவோருக்குச் சட்டை பரிசளித்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற இயங்கலை நிகழ்வில், அந்த இலவசச் சட்டைக்காக அப்படி வந்து குவிந்ததில் திட்டப் பொறுப்பாளர்கள் நொந்துபோனார்கள். விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்று விதியையே மாற்றவேண்டி வந்தது. இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித் தருவதைப் படித்துக்கூடப் பார்க்காமல் அனுப்புகிறார்கள். அதுவும் அதே ரகம்.

வேலை விஷயம். நேர்காணலில் சிலர் கிட்ஹப்பைப் பார்ப்பார்கள், பலர் பார்க்கமாட்டார்கள். பார்ப்பவர்களிடம், திருத்தம் ஏற்கப்படும் முன் நடந்த வாக்குவாதத்தைக் காட்டுங்கள். எங்கே தவறு என்று சொன்னார்கள், நீங்கள் எப்படி மாற்றினீர்கள் என்பதெல்லாம் அங்கே தேதியோடு இருக்கும். சான்றிதழில் அது இருக்காது.

பதில் உடனே வராது. திட்டப் பொறுப்பாளர்கள் பலரும் சம்பளமில்லாமல், வேலை முடிந்து வந்து இரவில் பார்க்கிறார்கள். இரண்டு வாரம் போகட்டும், ஒரு முறை பணிவாக நினைவூட்டுங்கள். அப்போதும் சத்தமில்லையா, கடைசியாக எப்போது ஒரு திருத்தத்தை ஏற்றார்கள் என்று பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் வேறு திட்டம் தேடலாம்.